ஹென்றி ஜேம்ஸ்: வலை விரிப்பது யார்?

அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் கதைகளில் 'அமெரிக்கப் பணம் வெகுளி, ஐரோப்பா சூழ்ச்சி' என்று நீங்கள் எழுதிய கட்டுரையை மேலோட்டம் என்று ஆசிரியர் திருப்பிவிட்டார் என்கிறீர்கள். சரி, 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி' (1881) நாவலை மறுபடி எடுங்கள். 70,000 பவுண்டு சொத்தாகக் கிடைத்த அமெரிக்க இளம்பெண் இசபெல்லுக்கு வலை விரிக்கும், அவளை மணக்கும் ஆஸ்மண்டும் அவனுடைய தோழி மேடம் மெர்லும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட அமெரிக்கர்கள்! மெர்ல் பிறந்தது புரூக்ளினில். அந்தப் பணம் அவளுக்குக் கிடைக்கச் செய்த அத்தை மகன் ரால்ஃபோ அவள்மேல் உயிரையே வைத்திருப்பவன். அன்பால் வந்த பணமே அவளைச் சிக்கவைக்கிறது. எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும் இடம் அது.

அப்புறம் ஜேம்ஸின் 'தி அமெரிக்கன்' நாவல், பின்னால் அவர் திருத்துவதற்கு முந்தைய 1877 வடிவத்தின் முடிவு. தன் கல்யாணத்தைத் தடுத்த பெல்கார்ட் என்ற பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தைப் பழிவாங்க உதவும் கடிதத்தை அமெரிக்கப் பணக்காரன் நியூமன் நெருப்பில் போடுகிறான். அவனுடைய நல்ல மனசை நம்பித்தான் பெல்கார்ட் குடும்பம் அவனை எதிர்க்கத் துணிந்தது என்று ஒரு தோழி சொல்லக் கேட்டதும், தாள் முழுசாக எரிந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பார்வையிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள்.