குளிர் தொடங்கியதும் நெஞ்சு இறுகுகிறது: நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 57. பி.பி.க்காகப் பல வருடங்களாக அட்டினலால் 50 மி.கி. சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது பழக்கம். மரங்கள் இலையுதிர்த்துக் குளிர் கூடிய இந்தச் சில வாரங்களாக, நடக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகுகிறது. கொஞ்சம் மெதுவாக நடந்தால் போய்விடுகிறது, அதற்குப் பிறகு ஒரு சிரமமும் இல்லை. விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றன, மூக்கு ஒழுகுகிறது. "குளிர் நெஞ்சில் இறங்கிடும், வசந்தம் வர்ற வரைக்கும் வெளியே போகாதீங்கம்மா" என்கிறாள் மகள். நடையை விட்டால் எடையும் பி.பி.யும் ஏறிவிடுமே, வெயில் படாமல் வைட்டமின் டி குறையுமே என்று கவலையாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

பதில்: இப்போதைக்கு நடையை நிறுத்துங்கள். வசந்தம் வரை காத்திருக்கத் தேவையில்லை. இதயத்தைப் பரிசோதித்து முடிவு தெரிந்தால் போதும். ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். மகள் சொன்ன யோசனை சரி, காரணம்தான் சரியில்லை. குளிர் நெஞ்சுக்குள் இறங்கித் தங்குவதில்லை. அது வேலையைக் காட்டுவது ரத்தக்குழாய்களிடம்.

முகத்திலும் கையிலும் குளிர்காற்று பட்டதும், உடல் தன் சூட்டைக் காப்பாற்றத் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. பி.பி. ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதே நேரத்தில், கொழுப்பு படிந்த இதயத் தமனி இருந்தால் அதுவும் குளிரில் இன்னும் குறுகலாம். தேவை கூடும்போது வரவு குறைகிறது. கோடையில் இதே வேகத்தில் நடந்தபோது ஒன்றும் தெரியாதவருக்கு, குளிரில் நெஞ்சு இறுகுவது இப்படித்தான். இதை ஆஞ்சைனா என்கிறோம்.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி, "மெதுவாக நடந்தால் போய்விடுகிறது, அதற்குப் பிறகு ஒரு சிரமமும் இல்லை" என்பது. பலரும் இதை ஆறுதலாகத்தான் சொல்வார்கள்: "நடக்க நடக்கச் சரியாகிடுது டாக்டர், அப்போ இதயமா இருக்காது இல்லையா?" இருக்கலாம். ஆஞ்சைனாவிலேயே ஒரு வகை இப்படித்தான் வரும். முதல் சில நிமிடங்களில் இறுக்கும், வேகத்தைக் குறைத்தால் அடங்கும், பிறகு அதே நடையில் மறுபடி வராமலும் போகும். அதனால் "போய்விட்டது" என்பதை வைத்து இதயத்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க முடியாது.

இன்னொரு சந்தேகம் மூச்சுக்குழாய். குளிர்ந்த காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. சாதாரணமாக மூக்குதான் அதைச் சூடாக்கி, நனைத்து உள்ளே அனுப்பும். வேகமாக நடக்கும்போது வாயால் மூச்சு வாங்குவோம்; காற்று அப்படியே உள்ளே போய் மூச்சுக்குழாயின் உட்பரப்பை உலர்த்தும், சிலருக்கு அது சுருங்கிக்கொள்ளும். இதுவரை ஆஸ்துமா என்று யாரும் சொல்லாதவருக்கும் இது வரலாம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவது, இறுக்கம் எப்போது வருகிறது என்பது. ஆஞ்சைனா உழைப்பின் நடுவே வரும், நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். மூச்சுக்குழாய்ச் சுருக்கம் பெரும்பாலும் உழைப்பு முடிந்து 5 முதல் 15 நிமிடங்களில்தான் உச்சத்துக்குப் போகும். இருமலோ வீசிங்கோ சேர்ந்து வரும், அடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு நடக்கும்போதே வந்து, மெதுவானதும் போகிறது. இருமலைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தராசு இதயத்தின் பக்கம்தான் சாய்கிறது. சரிபார்க்கிறேன் என்று இன்னொரு நாள் நடந்து பார்க்க வேண்டாம். இதுவரை நடந்ததை நினைவிலிருந்து சொன்னாலே மருத்துவருக்குப் போதும்.

அவரிடம் "குளிர்ல கொஞ்சம் மூச்சு முட்டுது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, மேட்டில் ஏறும்போதும் எதிர்காற்றிலும் கூடுகிறதா, தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ பரவுகிறதா, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். படுத்தபடி எடுக்கும் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தாலும் ஆஞ்சைனா இல்லை என்று ஆகிவிடாது. அந்த நேரத்தில் இதயம் ஓய்வில்தானே இருக்கிறது? ட்ரெட்மில் டெஸ்டோ இதயத் தமனிகளுக்கான சி.டி. ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள். மூச்சுக்குழாய்க்கு ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை இருக்கிறது. பெண்களுக்கு நெஞ்சுவலியைவிட மூச்சுத்திணறலும் அசதியும் முன்னால் நிற்பது உண்டு என்பதால், கேட்கத் தயங்க வேண்டாம்.

இதற்கிடையில் ஓய்வாக இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, 10 நிமிடம் கடந்தும் விடாவிட்டாலோ, வியர்வை, குமட்டல், தலைசுற்றல் சேர்ந்து வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

அடுத்து, விரல்கள். குளிரில் வெளுத்து, சிலருக்கு நீலம் பாய்ந்து, சூடேறும்போது சிவந்து குறுகுறுக்கும். இதன் பெயர் ரேனாட். உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது மாத்திரையை. அட்டினலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்துடிப்பையும் பி.பி.யையும் குறைக்கும் வகை. அந்த வகை மாத்திரைகள் கைகால் விரல்களுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயையும் இறுக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள்! பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் ஆஞ்சைனா மோசமாகும், மாரடைப்புகூட வரலாம். மாற்ற வேண்டுமானால் மருத்துவர் படிப்படியாக மாற்றுவார். ஆஞ்சைனா என்று உறுதியானால் இதே மாத்திரையைத் தொடரச் சொல்லவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இதயத்தின் வேலையைக் குறைப்பதும் இதுதான்.

ஐம்பதுக்கு மேல் ரேனாட் புதிதாகத் தலைகாட்டினால், மாத்திரை தவிர வேறு காரணம் உண்டா என்று ரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்போம். விரல் நுனியில் புண் வந்தாலோ ஒரு கையில் மட்டும் வெளுத்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை சூட்டை நன்றாகக் காக்கும். விரல் குளிர்ந்த பிறகு மாட்டிப் பெரிய பயனில்லை. வாசற்படி தாண்டும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மரத்த விரலைக் கொதிக்கும் சூட்டில் வைக்காதீர்கள், சுடுவதே தெரியாது. வெதுவெதுப்பான நீர் போதும்.

மூக்கு ஒழுகுவது சளி இல்லை. காற்றை நனைக்க மூக்கு கூடுதலாக நீர் சுரக்கிறது, அவ்வளவுதான். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை முடிந்து மருத்துவர் "நடக்கலாம்" என்று சொன்ன பிறகு, முதலில் நேரத்தை மாற்றுங்கள். தூங்கி எழும் வேளையில் பி.பி. இயல்பாகவே ஏறும், மாரடைப்புகளும் காலையில்தான் அதிகம். அதோடு கடுங்குளிரையும் வேகநடையையும் இருட்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். நண்பகலை ஒட்டி நடங்கள். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடி ஒரு மஃப்ளர் சுற்றிக் கிளம்புங்கள். 5 டிகிரி குளிரில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது 0 டிகிரி போலத் தெரியும். அதனால் போகும்போது எதிர்காற்று, வியர்த்துத் திரும்பும்போது முதுகுக்காற்று என்று வழியை வைத்துக்கொள்ளலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். மெல்லிய கம்பளியோ, வியர்வையை வெளியேற்றும் விளையாட்டுத் துணியோ நல்லது. நனைந்த இலைகள் மேல் கால் வைத்தால் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைகள் இரண்டும் கோட்டுப் பையில் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது என்பதுதான் மறந்துபோகும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பு இலக்கைத் துரத்தாதீர்கள். அட்டினலால் துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே உங்களுக்குப் போதும்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓரிரு வாரம் நடக்காததால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் வெளியில் நடப்பதை விட்டு வீட்டுக்குள் வேகமாகப் படியேறுவதோ ட்ரெட்மில்லில் ஓடுவதோ கூடாது. அதுவும் இதயத்துக்கு அதே உழைப்புதான். குளிர்காலத்தில் பி.பி. பலருக்கும் சற்று ஏறும் என்பதால், வீட்டில் கருவி இருந்தால் காலையும் மாலையும் அளந்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வைட்டமின் டி-க்காகக் குளிரில் போக வேண்டிய அவசியமும் இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் உள்ள நாடுகளில் இந்தப் பருவத்துச் சூரியன் மிகத் தாழ்வாக இருக்கும். வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதே அரிது. கருத்த தோலுக்கு அது இன்னும் போதாது. பல நாடுகளில் இந்த மாதங்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். உங்களுக்கு அதுவே போதுமா என்பதை, எப்படியும் எடுக்கப்போகிற ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.