வாடகை வீட்டில் கொடி கட்ட விடவில்லை, உடுப்பை வெளியில் எப்படிக் காயப்போடுவது?

திருகோணமலைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், வளவில் தூண் நடவும் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடவில்லை, வேலியில் போட்டால் உடுப்புக் கிழிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் உவர்மலையில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். நல்ல நைலோன் கயிறும், நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவர்த்தடியும் இருந்தால் போதும். காலையில் கட்டி, பின்னேரம் அவிழ்த்து வைத்துவிடலாம்.

கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பை ஒரு மரத்தில் மாட்டுங்கள். இரண்டு இழையையும் ஒன்றோடொன்று நன்றாக முறுக்கி, மறுமுனையை அடுத்த மரத்தில் இழுத்துக் கட்டுங்கள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டால் பின்னேரம் மல்லுக்கட்டத் தேவையில்லை. முறுக்கை விரலால் விரித்து உடுப்பின் நுனியைச் செருகி விட்டால் கயிறே கவ்விப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய துணிக்கு மட்டும் கிளிப் போடுங்கள். தும்புக் கயிறு வேண்டாம், நனைந்தால் வெள்ளை உடுப்பில் கறை பிடிக்கும். மரத்தில் கட்டும் இடத்தில் பழைய சாக்குத் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் பட்டையும் காயப்படாது.

ஈர உடுப்பின் பாரத்தில் கயிறு நடுவில் தொய்யும். கவர்த்தடி அதற்குத்தான். கயிறு தாழ்வாக இருக்கும்போதே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, தடியின் கவரில் கயிற்றைத் தாங்கி மேலே நிமிர்த்துங்கள். உயரத்தில் காற்றும் அதிகம், மண்ணும் படாது.

மரத்தைத் தெரிவுசெய்வதிலும் கவனம் வேண்டும். முருங்கை சட்டென்று முறியும். தென்னைக்கு நேர் கீழே போடவே போடாதீர்கள், மட்டை விழும். வேம்பு உறுதியானது, ஆனால் காகம் இருக்கிற கொப்புக்குக் கீழே வேண்டாம்.

நம்மூரில் வெயிலைவிடக் காற்றுத்தான் பெரிய உதவி. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசும் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று), மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுத் தரைப்பக்கமாக வருவதால் ஈரமில்லாத காற்று. அதற்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினால் சாரம், துவாய் எல்லாம் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். சாயம் போகிற உடுப்பை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம் மாதிரிக் கடலோரம் என்றால் கடல்பக்கம் வேண்டாம், வீட்டு மறைவில் கட்டுங்கள். உப்புப் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். கோட்டைப் பக்கம், டவுண் பக்கம் எல்லாம் புள்ளிமான்கள் தெருவிலேயே திரிகின்றன. தாழ்வாகத் தொங்குகிற கயிற்றில் கொம்பு மாட்டினால் பாவம், அவை மிரண்டு அடித்துக்கொள்ளும். அதனால் இரவில் வெறும் கயிற்றைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை மழைக்காலம். அப்போது அதே கயிற்றை விறாந்தையில் ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டலாம். பெட்சீட், ஜீன்ஸ் போன்ற பாரமானவற்றை மழை விடுகிற நாள் பார்த்துத் தோயுங்கள். பெட்சீட்டை இரண்டு கயிறுகளுக்கு மேலே அகலமாக விரித்துப் போட்டால் நடுவால் காற்றுப் போய் சீக்கிரம் காயும்.