வேனில் பழைய கியர்பாக்ஸ் மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் குறைத்து, சக்கரத்துக்கு இழுவையாகத் தருவதுதான் கியர்பாக்ஸ். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு ஏறும் வேனில் பல்சக்கரமும் பேரிங்கும் வேகமாகத் தேயும். ஆயில் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

புதுசு கட்டுப்படியாகாதா? விபத்தில் அடிபட்டு உடைப்புக்கு வந்த வண்டியின் பெட்டியைத் தேடுங்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது அது. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டைக் கறந்து பார்த்து விலை பேசுவதுபோல, இதில் ஆயிலை வடித்துப் பார்த்துப் பேசுங்கள். ஆயில் வடிக்கும் மூடியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டினால் பரவாயில்லை, அது சாதாரணத் தேய்மானம். இரும்புத் துணுக்கு மின்னினால் வேண்டவே வேண்டாம். எப்படியும் பெட்டியை இறக்குவதால், இன்ஜினையும் பெட்டியையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சின் பிளேட்டையும் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம்.

கியர் விழவில்லை என்றாலே பெட்டி போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். கிளட்ச் சரியாக விடுபடாவிட்டாலும் கியர் விழாது, முதலில் அதைப் பாருங்கள்.