கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர், மாதாமாதம் சந்திப்பு நடத்தித் தொழில் தொடர்புகளை வளர்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். சொல்லப்போனால் தயக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது தோது. அழைக்கப்பட்டுப் போனால் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். அழைத்தவரே நீங்கள் என்றால் கதவைத் திறக்க, இடம் காட்ட, ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்த என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். நானும் வாய்ச்சாலகம் இல்லாத ஆள்தான். சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது.

சந்திக்கும் நாளை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். 'எந்தத் தேதி எல்லாருக்கும் வசதி?' என்று கேட்க ஆரம்பித்தால் சந்திப்பு நடந்த மாதிரிதான். 'மாதத்தின் முதல் வியாழன், மாலை 7 முதல் 9' என்று சொல்லிவிட்டால், வர முடியாதவர் அடுத்த மாதம் வருவார். 18ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஜேம்ஸ் வாட், வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி போன்றவர்கள் கூடிய பர்மிங்காம் லூனார் சொசைட்டி என்ற குழு, பௌர்ணமியை ஒட்டியே கூடியது. இரவில் நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் என்பதுதான் காரணம். முடியும் நேரத்தையும் சொல்லிவிட்டால் தயங்குகிறவர்கள்கூட வருவார்கள்.

யாரை அழைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நெருங்கிய நண்பர்களையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அது அரட்டை; நல்ல விஷயம்தான், ஆனால் தொடர்பு வளராது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதம் பேர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் உதவியிருக்கிறார்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் வழக்கமாக வருகிறவர்களிடம், எனக்குத் தெரியாத ஒருவரைக் கூட்டிவரச் சொல்வேன். ஒரே நிறுவனத்து ஆட்கள் மட்டும் சேர்ந்தால் பேச்சு மேலாளரைத் தாண்டாது!

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். நான்கு பேரைத் தாண்டினால் பேச்சு தானாகவே இரண்டாகப் பிரியும். உளவியலாளர் ராபின் டன்பாரின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆகவே எல்லாரையும் ஒரே நீள மேசையில் உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்தவரோடு மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் போய்விடும். நாற்காலிகளைக் கொஞ்சம் குறைத்தே போட்டால் ஆட்கள் எழுந்து நடமாடுவார்கள்.

அறிமுகம் செய்யும்போது பதவியைச் சொல்லி நிறுத்தாதீர்கள். 'இவர் கணக்காளர்' என்றால் அடுத்து என்ன பேசுவது? 'இவர் போன மாதம் ஏற்றுமதி உரிமம் வாங்கினார், நீங்கள் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்' என்றால் பேச்சு தானே தொடங்கும். இதற்கு, வருகிறவர்கள் சொல்வதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அவர்கள் போனதும் நான் குறித்து வைத்துக்கொள்வேன். அப்புறம், ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் இருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

எதையாவது விற்கத்தான் வருகிறார் என்று தெரிந்தால் நான் அவரை மறுமுறை அழைப்பதில்லை. கடுமைதான். ஆனால் அப்படி ஒருவர் இருந்தாலே மற்றவர்கள் வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

முதல் சில மாதங்கள் மூன்று பேர்தான் வருவார்கள். வந்தவர்களோடு நடத்துங்கள், ரத்து மட்டும் செய்யாதீர்கள்.