எதையும் தாங்காத தூண்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஜெர்மனியில் மகளோடு ஆகன் பேராலயத்துக்குப் போயிருந்தேன். அதன் நடுவிலுள்ள எண்கோணக் கட்டடம்தான் பிராங்குகளின் அரசர் சார்லமேன் கட்டிய அரண்மனை ஆலயம் என்றார்கள். இத்தாலியில் ரவென்னா நகரத்தின் சான் விட்டாலே ஆலயத்தைப் பார்த்துக் கட்டியதாம். நான் அதையும் பார்த்திருக்கிறேன். அந்த நளினம் இங்கே இல்லை. அவ்வளவு பெரிய அரசர் ஒரு நகலையா கட்டினார்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கண்டது சரிதான். சான் விட்டாலேயில் தூண்வரிசைகள் அரைவட்டமாக வளைந்து போகும். அதன் குவிமாடம் உள்ளீடற்ற சுடுமண் குழாய்களால் ஆனது, எடை குறைவு. ஆகனில் குவிமாடமே கல். அதைச் சுமக்க எட்டுப் பருத்த கட்டுத்தூண்கள் வேண்டியிருந்தன. நளினம் அங்கேதான் போனது.

ஆனால் மேல்மாடத்தின் உயரமான வளைவுகளுக்குள் இரண்டு அடுக்காக நிற்கும் மெல்லிய தூண்களைக் கவனித்தீர்களா? அவை எதையும் தாங்கவில்லை. 1794-ல் பிரெஞ்சுப் படைகள் அவற்றைப் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோயின. கட்டடம் அப்படியே நின்றது. 1815-க்குப் பிறகு ஒரு பகுதிதான் திரும்பி வந்தது, சில இன்றும் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிறகு எதற்கு அவை? அரசவையில் இருந்த ஐன்ஹார்ட், தூண்களையும் பளிங்கையும் சார்லமேன் ரோமிலிருந்தும் ரவென்னாவிலிருந்தும் தருவித்தார் என்று எழுதுகிறார். ஆல்ப்ஸுக்கு அப்பாலிருந்து, வண்டி மாடுகளின் காலத்தில்! ரோமில் அவருக்குப் பேரரசர் முடி சூட்டியது 800-ல். 798-ல் அவருடைய அவை அறிஞர் அல்குயின் எழுதிய கடிதத்திலேயே இந்தத் தூண்களைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. முடிக்கு முன்பே ரோம் ஆகனுக்கு வந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்தக் காலத்தில் ஓர் ஆலயத்தைப் போல இன்னொன்றைக் கட்டுவது என்றால் அச்சு அசலாகக் கட்டுவதல்ல. எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும், மூல இடத்தின் கல் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு என்ற எண்ணும் அப்படித்தான். வாரத்தின் ஏழு நாள் முடிந்து வரும் எட்டாம் நாள், கிறிஸ்து உயிர்த்த நாள். ஞானஸ்நான மண்டபங்களை எட்டுப் பக்கமாகக் கட்டியதும் இதனால்தான். வெளிச்சுவரில் அது பதினாறாகிறது. குவிமாடத்தில் பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தலின் 24 மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கிறிஸ்துவுக்குக் காணிக்கையாக்குகிறார்கள் (நீங்கள் பார்த்த மொசைக் 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்தது). அதற்குக் கீழே, மேற்கு மாடத்தில், பளிங்குப் பலகைகளாலான அரியணை. பைபிளில் வரும் சாலமோன் அரசரின் சிம்மாசனத்தைப் போல அதற்கும் ஆறு படிகள். 936-ல் முதலாம் ஓட்டோ தொடங்கி 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் முடிசூடியது ஆகனில்தான்.

கட்டியவரின் பெயரைச் சொல்லும் சிவப்பு எழுத்துகள் உள்ளே சுற்றிலும் இருந்தன. அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ‘அரசர்’ என்ற சொல் மட்டும் மங்கிப்போனதாம். இதையும் ஐன்ஹார்ட்தான் சொல்கிறார். 814 ஜனவரியில் சார்லமேனை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

மறுபடி போனால் வழிகாட்டியோடு மேல்மாடத்துக்கு ஏறுங்கள். தனியாக விடமாட்டார்கள். அந்தத் தூண்களை அங்கேதான் பக்கத்தில் நின்று பார்க்க முடியும்.