புட்ச் மோரிஸ்: தாளில்லாத வாத்தியக்குழு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஜாஸ் கலைஞர் புட்ச் மோரிஸ் ஒரு வாத்தியக்குழுவை நடத்தும் கச்சேரிப் பதிவு ஒன்றைப் பார்த்தேன். யார் முன்னாலும் இசைக்குறிப்புத் தாள் இல்லை. அவர் குழுவை நடத்தும் சிறு கோலும் கையுமாக நிற்கிறார். ஆளாளுக்குத் தோன்றியதை வாசித்தால் அவர் எப்படி இசையமைப்பாளர் ஆவார்? நாங்கள் ஏழெட்டுப் பேர் முயன்று பார்த்தோம், வெறும் இரைச்சல்தான் மிஞ்சியது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தோன்றியதை வாசிக்க அங்கே இடமுண்டு. தோன்றியபோதெல்லாம் வாசிக்க இடமில்லை. எப்போது தொடங்குவது, எதை விடாமல் பிடித்திருப்பது, எதை மறுபடி கொண்டுவருவது என்பதெல்லாம் மோரிஸின் முடிவு. இசையமைப்பு நடப்பது அங்கேதான்.

இடக்கை சைகை காட்டும்; கோல் இறங்கும்போதுதான் அது செயலுக்கு வரும். உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டினால் நீண்ட ஒலி. விரல்களை ஆங்கில 'யு' எழுத்துப்போல வளைத்தால், ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். நெற்றிப்பொட்டில் கைவைத்து விரல்களால் எண் காட்டினால், இப்போது ஒலிப்பதை அந்த எண்ணில் நினைவில் வைக்க வேண்டும். பிறகு அதே சைகையோடு கோல் இறங்கும்போது, குழு எங்கே இருந்தாலும் அந்த இடத்துக்குத் திரும்பும். தாள் செய்யும் வேலையை இங்கே வாசிப்பவர்களின் நினைவு செய்கிறது.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நினைவுதான். திரும்ப வாசிக்கச் சொன்னால் பலர் நீளமாக, அலங்காரமாக எதையோ தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் சுற்றில் அது அவர்களுக்கே பிடிபடாது. மூன்று நான்கு சுரங்கள் போதும். நடத்துபவரும் சைகையையும் கோலையும் ஒன்றாக வீசக்கூடாது. சைகையைக் காட்டி, எல்லாக் கண்களும் தன்மேல் இருக்கின்றனவா என்று பார்த்து, அதன்பிறகே கோலை இறக்க வேண்டும். முதலில் நீண்ட ஒலியையும் நிறுத்தத்தையும் மட்டும் பழகுங்கள். அவை சுத்தமாக ஒன்றுசேர்ந்த பின் துணுக்கு, அதற்கும் பின்னால் நினைவு எண், அதுவும் ஒன்றே ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்து அடர்ந்துபோனால் கோலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்துங்கள்: அது தன்னைக் கடக்கும் கணத்தில் மட்டுமே ஒருவர் ஒலிக்கலாம்.

மோரிஸ் 1947இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்தவர், டிரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை வாசித்தவர். டிரம்மர் சார்லஸ் மோஃபெட் ஒத்திகையில் கையசைவால் குழுவை நடத்தியதைப் பார்த்தது அவருக்குள் விதையாக விழுந்தது. 1985 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கின் 'தி கிச்சன்' அரங்கில் நடந்ததை 'கண்டக்‌ஷன்' என்று தான் பெயரிட்ட இந்தச் சைகைமுறை நிகழ்ச்சிகளின் வரிசையில் முதலாவதாக எண்ணினார். 2013இல் மறைவதற்குள் அந்த வரிசை இருநூறை நெருங்கியிருந்தது. ஜாஸ் கலைஞர்கள், துருக்கியின் சூஃபி இசைக்கலைஞர்கள், ஜப்பானின் மரபு வாத்தியக்காரர்கள், கவிஞர்கள் என எல்லோரிடமும் இதே சைகைகளோடு போனார். எவரும் தன் பாணியை விட வேண்டியிருக்கவில்லை. அவருடைய ஆகப்பெரிய சாதனையாக நான் கருதுவது இதைத்தான்.

1995இல் பத்துக் குறுந்தட்டுகளாக வந்த அவருடைய 'டெஸ்டமென்ட்' தொகுப்பைக் கேளுங்கள். ஒரு துணுக்கு முதலில் எந்த வாத்தியத்தில் பிறந்தது, எவ்வளவு நேரம் கழித்து வேறு எந்த ஒலியின்மேல் திரும்பி வந்தது என்று குறித்துக்கொண்டே கேளுங்கள்.