குளிர்காலத்தில் மட்டும் வரும் தலைவலி

கேள்வி: அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். 1972இல் தயாரான பைப்பர் செரோக்கி 140 விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறேன். விமானத்தின் சென்ற ஆண்டுப் பரிசோதனைக்கு 6,800 டாலர் ஆனதால், அவசரமில்லை என்று தோன்றிய சில வேலைகளைத் தள்ளிவைத்து, புதிய ஜிபிஎஸ் மட்டும் பொருத்தினேன். விற்றுவிடச் சொல்லி மனைவி சண்டை போடுகிறாள். பத்து வயது மகளுக்கும் ஆர்வமில்லை. குளிர்காலத்தில் பறந்தால் மட்டும் தலை வலிக்கிறது என்பாள். மனைவியை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: கணவரின் ஆசைக்கும் வீட்டுச் செலவுக்கும் இடையிலான இந்த வழக்கு எனக்குப் பழகியது. அதைப் பிறகு பார்க்கலாம். மகளுக்கு ஆர்வமில்லை என்பதற்குச் சான்றாக நீங்கள் எழுதிய வரியில் உள்ள ‘மட்டும்’ என்ற சொல்லை எழுதும்போதே நீங்கள் திடுக்கிட்டிருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் நீங்கள் ஹீட்டரைத் திறக்கிறீர்கள். உங்கள் விமானத்தில் அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல: சைலன்சரைச் சுற்றியுள்ள தகரக் கூட்டுக்குள் வெளிக்காற்று நுழைந்து, சூடாகி, நீங்கள் உட்காரும் இடத்துக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் வந்த சைலன்சரில் ஒரு விரிசல் விட்டால், அதே காற்றோடு எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். பெரியவர்களைவிடக் குழந்தைகளை அது விரைவில் தாக்கும்.

உங்கள் மகளுக்கு வருவது அதுதான் என்று இங்கிருந்தபடி நான் முடிவுகட்ட முடியாது. ஆனால் இல்லை என்று உறுதிப்படுத்தும் கடமை உங்களுடையது. அதை நீங்கள் செய்யவில்லை. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா சென்ற, 1984இல் தயாரான பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபினின் 58 விழுக்காட்டைக் கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. விமானியும் அந்த நச்சால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றே விசாரணை கண்டது. மகள் மூச்சிழுக்கும் காற்றைத்தான் நீங்களும் இழுக்கிறீர்கள், உங்களுக்குக் கண் சொருகினால் அந்த விமானத்தைத் தரையிறக்க வேறு ஆளில்லை.

வழிகாட்டும் திரைக்குப் பணம் இருந்தது; குழந்தை சொன்ன ஒரு குறையை விசாரிக்க நேரம் இல்லை. பிள்ளையைத் தன் கையால் வானத்துக்குத் தூக்கிச் செல்கிற தகப்பன், அவள் வலிக்கிறது என்றால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும், அவள் மனத்தை அல்ல. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி அந்த விமானத்தை எடுக்காதீர்கள். தகரக் கூட்டைக் கழற்றி, சைலன்சரையும் எக்ஸாஸ்ட் குழாய்களையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். தள்ளிவைத்த வேலைகளின் பட்டியலை அவரோடு உட்கார்ந்து மறுபடி படியுங்கள். இந்த வாயு பட்டால் நிறம் மாறும் மலிவான அட்டையை ஒட்டிவிட்டுத் திருப்திப்படாமல், அதைக் கண்டதும் ஒலியெழுப்பும் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். ஓட்டை இருந்தது என்று தெரிந்தால் மருத்துவரிடம் பழைய தலைவலிகளைச் சொல்லுங்கள். இந்த நச்சு சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடுவதால், இப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனை எதையும் காட்டாது.

மெக்கானிக் சொல்வதை, அது எதுவானாலும், மறைக்காமல் மனைவியிடம் சொல்லுங்கள். விமானத்தை வைத்திருப்பதா விற்பதா என்பதை அதற்குப் பிறகு இருவரும் பேசுங்கள். மகளிடம் இன்றே பேசுங்கள்: தலை எப்போது வலிக்கத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டு, அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.